ஆலயத்துக்குள் ஊழல், வாசலில் அந்நியர்: பைபிள் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைபிளைச் சேர்ந்து படிக்கும்போது திரும்பத் திரும்ப வரும் சில கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெயர்களையும் வசனங்களையும் பழைய மொழிபெயர்ப்பை ஒட்டியே தருகிறேன். பலருக்குக் காதில் பழகியது அதுதான்.

மத ஊழல் ஒரு விஷயம், வெளியாரைக் கடவுள் ஏற்றுக்கொள்வது வேறு விஷயம். இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

முடிச்சு நான் போட்டதல்ல. ஏசாயா 56ஐத் திறந்து பாருங்கள். முதல் பாதியில் இரண்டு பேர் வருகிறார்கள். கர்த்தர் தம் ஜனத்தைவிட்டுத் தன்னைப் பிரித்துவிடுவார் என்று பயப்படும் அந்நியன் ஒருவன். "நான் பட்டமரம்" என்று நொந்துகொள்ளும் அண்ணகன் இன்னொருவன் (அண்ணகன் என்றால் விதை நீக்கப்பட்டவன், அரண்மனைகளில் அப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள்). இருவருக்கும் ஆலயத்துக்குள்ளேயே இடம் உண்டு என்று கடவுள் சொல்கிறார். "என்னுடைய வீடு சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு" என்ற புகழ்பெற்ற வரி அங்கேதான் இருக்கிறது. அப்புறம் அதே அதிகாரத்தின் கடைசி வரிகள் தலைவர்கள்மேல் பாய்கின்றன. காவல்காரர் எல்லாரும் குருடர், குரைக்கத் தெரியாத ஊமை நாய்கள், எவ்வளவு தின்றாலும் திருப்தி தெரியாதவர்கள். மொத்தமே 12 வசனங்கள்.

மல்கியா முதல் அதிகாரமும் அப்படித்தான். கண் தெரியாத ஆட்டையும் காலொடிந்த ஆட்டையும் பலிபீடத்தில் வைக்கும் ஆசாரியர்களைப் பார்த்து, உங்களில் ஒருவனாவது கதவைப் பூட்டிவிட மாட்டானா என்று கடவுள் சலித்துக்கொள்கிறார். அடுத்த வசனமே, சூரியன் உதிக்கும் திசைமுதல் அஸ்தமிக்கும் திசைவரை புறஜாதியாருக்குள் என் நாமம் பெரிதாயிருக்கும் என்கிறது. உள்ளே இருப்பவர்கள் வீட்டைத் தங்கள் சொத்தாக்கிக்கொள்ளும்போது முதலில் வாசல்தான் சாத்தப்படுகிறது. பைபிள் இதை ஒரே நோயாகப் பார்க்கிறது என்பதுதான் என் வாசிப்பு.

ஆசாரியர்களின் ஊழலைப் பைபிள் வெளிப்படையாகச் சொல்கிறதா, பூசி மெழுகுகிறதா?

1 சாமுவேல் 2ஐ வாசித்தால் பூசி மெழுகும் பேச்சே வராது. சீலோவில் (எருசலேம் ஆலயத்துக்கு முன் கர்த்தரின் கூடாரம் இருந்த ஊர்) ஏலி ஆசாரியர். அவர் மகன்கள் ஓப்னியும் பினெகாசும். பலியிட்டவர்கள் இறைச்சியை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது, ஆசாரியனின் வேலைக்காரன் மூன்று கூர் உள்ள கருவியோடு வருவான். பானையோ சட்டியோ, உள்ளே விட்டுக் குத்துவான். அதில் மாட்டி மேலே வருவதெல்லாம் ஆசாரியனுக்கு. சட்டப்படி மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு ஏற்கெனவே உண்டு. இது அதற்கு மேல் வசூல்.

அதோடு நிற்கவில்லை. கொழுப்பைக் கடவுளுக்கு எரிப்பதற்கு முன்பே பச்சை இறைச்சி கேட்டார்கள், பொரித்துச் சாப்பிட. பலி கொண்டுவந்தவர், "முதலில் கொழுப்பை எரிக்கட்டும், அப்புறம் வேண்டியதை எடுத்துக்கொள்" என்று கெஞ்சினால், "இப்பொழுதே கொடு, இல்லாவிட்டால் பலவந்தமாக எடுப்பேன்" என்பதே பதில். கூடாரவாசலில் பணிசெய்த பெண்களையும் அந்த மகன்கள் விட்டுவைக்கவில்லை. ஏலிக்கு எல்லாம் தெரியும். "வேண்டாம், என் குமாரரே" என்று சொல்லிப் பார்த்தாரே தவிரப் பதவியிலிருந்து இறக்கவில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது அந்தக் கருவி அல்ல, 17ஆம் வசனம். அவர்களால் மனிதர் கர்த்தரின் காணிக்கையையே வெறுத்தார்கள் என்று அது முடிகிறது. இறைச்சி போனதைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

இயேசு ஆலயத்தில் மேசைகளைக் கவிழ்த்தது, வழிபாட்டு இடத்தில் வியாபாரம் கூடாது என்பதற்காகத்தானே?

பல வருடம் நானும் அப்படித்தான் வாசித்தேன். அது பாதி சரி.

அந்த வியாபாரம் தேவையில்லாமல் முளைத்ததல்ல. தூரத்திலிருந்து வருபவர் ஆட்டையோ புறாவையோ தூக்கிக்கொண்டு வர முடியாது. பழுதில்லாத பிராணியை அங்கேயே வாங்குவது வசதி. ஆலய வரி அரை சேக்கலைத் தீருவின் வெள்ளிக் காசில்தான் கட்ட வேண்டும், அதனால் காசு மாற்றுபவரும் வேண்டும். சரி, அப்படியானால் கோபம் எதற்கு?

முதலில், புறா. மாற்கு 11:15 காசுக்காரரின் பலகைகளோடு, புறா விற்றவர்களின் ஆசனங்களையும் தனியாகச் சொல்கிறது. பிரசவத்துக்குப் பின் ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12 அனுமதித்த காணிக்கை புறா. இயேசு பிறந்தபோது மரியாளும் யோசேப்பும் கொண்டுபோனதும் அதுவே என்கிறது லூக்கா 2:24. அந்தப் புறாவின் விலையே கட்டுக்கடங்காமல் போன ஒரு சமயத்தைப் பற்றி மிஷ்னா என்ற யூத நூல் பேசுகிறது. ஒரு ஜோடி பொன் தினாருக்கு விற்றபோது, சிமியோன் பென் கமாலியேல் என்ற போதகர், விலை இறங்காமல் இன்று இரவு தூங்கமாட்டேன் என்று சபதமெடுத்தாராம். ஐந்து பிரசவம் கண்ட பெண்ணும் ஒரே காணிக்கை செலுத்தினால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றே விலை சரிந்தது. தேவை குறைந்தால் விலை குறையும் என்று தெரிந்த மனிதர்!

அடுத்தது, இடம். இந்த வியாபாரம் நடந்தது வெளிப்பிரகாரத்தில் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். யூதரல்லாதவர் வரக்கூடிய எல்லை அதுதான். அதற்கு உள்ளே ஒரு தடுப்புச் சுவர், மூன்று முழ உயரம் என்கிறார் அந்த நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ். அதில் பதித்திருந்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871இல் எருசலேமில் கிடைத்தது. கண்டெடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ. கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் எழுதியிருப்பதன் சாரம்: வேற்றினத்தார் எவரும் இந்தத் தடுப்பைத் தாண்டக் கூடாது, பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு.

ஆக, தூர தேசத்திலிருந்து ஜெபிக்க வந்த அந்நியருக்கு இருந்தது அந்த ஒரு முற்றம். அதிலும் கூண்டும் காசுப் பலகையும் பேரம் பேசும் சத்தமும். அங்கே நின்றுகொண்டுதான் இயேசு ஏசாயா 56ஐச் சொல்கிறார்: "என்னுடைய வீடு எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு." மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதும்போது 'எல்லா ஜனங்களுக்கும்' என்ற சொற்கள் இல்லை. மாற்கில் மட்டும் இருக்கின்றன. ஒருவேளை அதனால்தான் நம் காதில் அது சரியாக விழாமல் போனதோ என்னவோ.

"கள்ளர் குகை" என்றால் கொள்ளை லாபம் என்றுதானே பொருள்?

கள்ளர்கள் குகையில் திருடுவதில்லை. வெளியே திருடிவிட்டு, பத்திரமாக ஒளிய அங்கே வருகிறார்கள். எரேமியா 7இல் இந்தச் சொல் வருமிடத்தில் பொருள் அதுதான். பரதேசியையும் (பிழைக்க வந்து தங்கிய அந்நியன்) திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு, ஆலயத்துக்கு வந்து நின்று "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று தடவை சொன்னால் ஆபத்து வராது என்று ஜனங்கள் நம்பினார்கள். சீலோவுக்கு நான் செய்ததைப் போய்ப் பாருங்கள் என்று கடவுள் பதில் சொல்கிறார். ஓப்னி, பினெகாசின் அதே சீலோதான், அழிந்துபோன சீலோ.

அப்படியானால் இதெல்லாம் யூத மதத்துக்கு எதிரான பேச்சா?

இல்லை. இப்படிச் சிலர் இதைப் பயன்படுத்தியதால் நிறையத் தீமை நடந்திருக்கிறது. குற்றம் சாட்டிய ஆமோஸ், மீகா, எரேமியா, மல்கியா, இயேசு எல்லாரும் அந்த வீட்டுப் பிள்ளைகள். தலைமை ஆசாரியர்களின் ஆட்கள் களத்துமேட்டுக்கே போய்த் தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) பறித்துக்கொண்டதால் ஏழை ஆசாரியர்கள் பட்டினி கிடந்து செத்தார்கள் என்று எழுதியவர் ஜோசஃபஸ், அவரே ஆசாரியக் குடும்பம். தலைமை ஆசாரியக் குடும்பங்களை வரிசையாகப் பெயர் சொல்லிப் புலம்பும் ஒரு பகுதி, யூதப் போதகர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதிலும் இருக்கிறது. சொந்த மதத்தின் அழுக்கைச் சொந்த வேதத்திலேயே எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாகச் சத்தமாக வாசித்த சமூகம் அது. அதை அடுத்தவரை அடிக்கும் கோலாக்குவது வாசிப்பே அல்ல.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்று இருக்கிறதே. தலைவர்களின் தவறைக் கேட்பது பாவம் இல்லையா?

அந்த வரி சங்கீதம் 105:15. சில வசனங்கள் முன்னால் போய் வாசித்தால் போதும். அங்கே 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள்' யார்? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எப்படி இருந்தார்கள்? கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, ஒரு ஜனத்தைவிட்டு இன்னொரு ஜனத்திடம் அலைந்துகொண்டு. யாரிடம் அந்த எச்சரிக்கை சொல்லப்படுகிறது? ராஜாக்களிடம். ஊர் பேர் இல்லாத அந்நியரை அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வசனத்தை, அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கேடயமாக மாற்றிவிட்டார்கள். இப்படித் தலைகீழாகத் திருப்பப்பட்ட வசனம் வேறொன்றைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல்மேல் தாவீது கைபோடவில்லையே என்பார்கள். வாளால் வெட்டவில்லை, உண்மை. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, சவுலுடைய ஆட்கள் காதிலும் விழும்படி அவன் செய்த அநியாயத்தை எடுத்துச் சொன்னான். பிறகு தாவீதே தவறியபோது தீர்க்கதரிசி நாத்தான் நேரில் போய் "நீயே அந்த மனுஷன்" என்றார்.

ஊழலும் அந்நியரும் ஒரே கதையில் வரும் இடம் ஒன்றைச் சொல்லுங்களேன்.

2 இராஜாக்கள் 5. நாகமானின் குஷ்டம் சுகமான கதை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அநேகர் நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகி எழுந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

நாகமான் சீரியாவின் படைத்தலைவன், எதிரி நாட்டுக்காரன். அவன் வீட்டில் வேலைசெய்த பெண்பிள்ளையே இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்து வரப்பட்டவள். அவன் 10 தாலந்து வெள்ளி, 6,000 பொற்காசு, பத்து மாற்றுவஸ்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளி மட்டுமே 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அவன் சுகமாக வழி சொன்ன தீர்க்கதரிசி எலிசா ஒரு காசு தொடவில்லை. நாகமான் வருந்திக் கேட்டும் வாங்கவில்லை. கடைசியில் நாகமான் கேட்டது இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் அளவு மண். இந்தக் கடவுளை வணங்க இந்த மண் வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது. கூடவே, என் எஜமான் ரிம்மோன் கோவிலில் என் கையில் சாய்ந்துகொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டிவரும், அதை மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசா பிரசங்கம் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார், அவ்வளவுதான்.

இப்போது கேயாசி. எலிசாவின் வேலைக்காரன், அற்புதங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அவன் மனதுக்குள் பேசுவதைக் கவனியுங்கள்: என் எஜமான் "இந்தச் சீரியனை" சும்மா விட்டுவிட்டார், "கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு சொல்கிறேன்", ஓடிப்போய் அவனிடம் ஏதாவது வாங்குவேன். வந்தவனைக் கேவலமாக நினைப்பதும், கடவுள் பேரில் ஆணையிடுவதும், பணத்துக்குப் பின்னால் ஓடுவதும் ஒரே மூச்சில். தீர்க்கதரிசிகளின் கூட்டத்து வாலிபர் இருவர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வேண்டும் என்று பொய். நாகமான் ரதத்திலிருந்து இறங்கி வந்து, இரண்டாக வாங்கிக்கொள் என்று கட்டாயப்படுத்துகிறான். கேயாசி அதை வீட்டில் பதுக்கிவிட்டு எஜமான் முன்னால் போய் நிற்கிறான். எங்கே போனாய்? "உமது அடியான் எங்கும் போகவில்லை."

நாகமானின் குஷ்டம் கேயாசியைப் பிடித்தது. தண்டனை ரொம்ப அதிகம் என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் அவன் செய்ததன் அர்த்தத்தைப் பாருங்கள். இலவசமாகக் கிடைத்தது என்ற சந்தோஷத்தோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு புதிய ஆளை நடுவழியில் நிறுத்தி, பில் நீட்டினான்.

இயேசு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாரா?

சொல்லியிருக்கிறார், சொந்த ஊரான நாசரேத்தில், லூக்கா 4இல். எலியாவின் காலப் பஞ்சத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருக்க, சீதோன் நாட்டுச் சரெப்தா விதவையிடம்தான் அவர் அனுப்பப்பட்டார்; எலிசாவின் காலத்தில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருக்க, சீரியனாகிய நாகமானே சுத்தமானான் என்றார். அதுவரை அவர் பேச்சை மெச்சிக்கொண்டிருந்தவர்கள்தான் அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அம்மோனியரும் மோவாபியரும் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் சொல்கிறதே. எஸ்றா அந்நிய மனைவிகளை அனுப்பிவிடச் சொன்னாரே?

சொல்கிறது, சொன்னார். மறைக்க ஒன்றுமில்லை. எஸ்றா 10இல் பிள்ளைகளோடு அனுப்பப்பட்ட பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் அந்த அதிகாரம் தொண்டையில் நிற்கிறது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய சின்னக் கூட்டம், தாங்கள் கரைந்துபோவோமோ என்று பயந்தது என்பது விளக்கம். அந்த விளக்கம் அந்தப் பெண்களுக்கு உதவியிருக்காது.

பைபிள் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை, தனக்குள்ளேயே வாதாடுகிறது. உபாகமம் 23 மோவாபியருக்குத் தடை போடக் காரணம், வழியில் இஸ்ரவேலருக்கு அப்பமும் தண்ணீரும் தரவில்லை என்பது. ரூத் புத்தகத்தில் என்ன நடக்கிறது? பசியால் வாடிய நகோமியின் வீட்டுக்குக் கதிர் பொறுக்கித் தானியம் கொண்டுவருகிறவள் ஒரு மோவாபியப் பெண். 'மோவாபியப் பெண்' என்ற அடைமொழியை அந்தப் புத்தகம் விடாமல் சொல்லிக்கொண்டே வருகிறது, மறந்துவிடாதீர்கள் என்பதுபோல. அவள் தாவீதின் பாட்டனைப் பெற்றவள். அதே உபாகமம் 23 அண்ணகரையும் தடுத்தது. ஏசாயா 56 அவர்களைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுகிறது.

நெகேமியா 13இல் இன்னொன்று கவனிக்கத்தக்கது. அம்மோனியனான தொபியாவுக்கு ஆலயத்திலேயே ஒரு பெரிய அறை ஒதுக்கப்பட்டிருந்தது. எப்படி? ஆசாரியனான எலியாசிப் அவனுக்குச் சம்பந்தி உறவு. காணிக்கைப் பொருள் வைக்கும் அறை அது. ஆலயப் பணியாளரான லேவியர்களுக்குச் சேர வேண்டிய பங்கு கிடைக்காமல் அவர்கள் வயல் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். ரூத் மாதிரி ஆட்களைத் தடுக்கச் சட்டம் இருக்கும். செல்வாக்குள்ள அந்நியனுக்கு உறவுமுறையில் சாவி கிடைத்துவிடும்.

ஏழை விதவையின் இரண்டு காசைக் காட்டித்தானே எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்கிறார்கள்?

மாற்கு 12இல் அவள் வருவதற்குச் சற்று முன்புதான், வேதபாரகர் (வேதச் சட்டம் கற்பித்தவர்கள்) "விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள்" என்று இயேசு சொல்லி முடித்திருக்கிறார். அடுத்து ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு இருந்த எல்லாவற்றையும் போடுகிறாள். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், இந்தக் கட்டடத்தில் கல்லின்மேல் கல் இராது என்கிறார். அவள் அன்பை அவர் மதித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "நீங்களும் இப்படிச் செய்யுங்கள்" என்று அங்கே அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

கானானியப் பெண்ணிடம் இயேசுவே "நாய்க்குட்டிகள்" என்றாரே. இதுவா வரவேற்பு?

உறுத்தும் சொல்தான். அதைச் செல்லமான சொல் என்று மழுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாற்கு 7இல் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். சற்று முன்பு கொர்பான் விவாதம்: பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் "காணிக்கை" என்று ஒரு மகன் சொல்லிவிட்டால், பிறகு அவன் அவர்களுக்கு எதுவும் செய்ய வேதபாரகர்கள் விடுவதில்லை. பக்தியின் பெயரால் தாய் தகப்பனைக் கைவிடும் வழி. அடுத்து, அந்நிய தேசத்தில், மகளுக்காகக் காலில் விழும் ஒரு தாய். மேசையின் கீழிருக்கும் நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்தும் துணிக்கைகளைத் தின்னுமே என்று அவள் மடக்குகிறாள். இந்தச் சொல்லினிமித்தம் போ, பிசாசு உன் மகளைவிட்டு நீங்கிற்று என்கிறார் அவர். சுவிசேஷங்களில் இயேசுவிடம் வாதாடி, கேட்டதை வாங்கிக்கொண்டு போனவர் என்று எனக்கு நினைவுக்கு வருவது இந்தப் பெண்தான்.

சபையின் நடப்பைப் பார்த்து மனம் கசந்து வெளியே வந்துவிட்டவர்களுக்குப் பைபிளில் ஏதாவது இருக்கிறதா?

எரேமியா 38. உண்மை சொன்னதற்காக எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். இறக்கியவர்கள் சொந்த நாட்டுப் பிரபுக்கள். அதற்கு முன்பே, அவர் சாக வேண்டும் என்று கேட்டவர்களில் ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். தூக்கிவிட வந்தவர் எத்தியோப்பியரான எபெத்மெலேக், அரண்மனையில் வேலைசெய்த ஓர் அண்ணகர். ராஜாவிடம் துணிந்து பேசி அனுமதி வாங்கினார். கயிறு அக்குளை அறுத்துவிடக் கூடாதே என்று பழைய துணிகளையும் கந்தல்களையும் தேடி எடுத்துவந்து, முதலில் அவற்றை இறக்கி, "இதை அக்குள்களில் கயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும்" என்றார். அந்தக் கந்தலைப் பற்றி எழுதிவைக்கத் தோன்றியதே, அதற்காகவே அந்த எழுத்தாளரை எனக்குப் பிடிக்கும்.

வெளியாரைச் சேர்த்துக்கொள்ள எந்த நிபந்தனையும் இல்லையா?

அப்போஸ்தலர் 8இல் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒருவன் சமாரியா பட்டணத்தில் மாயவித்தை செய்த சீமோன். ஞானஸ்நானம் பெற்றவன்தான். கைவைத்துப் பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தை விலைக்குக் கேட்கிறான். "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்கிறார் பேதுரு. சபைப் பதவியை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐரோப்பிய மொழிகளில் இன்றுவரை அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொருவர் எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் பொக்கிஷங்களுக்குப் பொறுப்பான மந்திரி. அந்நியர், அண்ணகர். அவ்வளவு தூரம் பயணம் செய்து எருசலேமுக்குப் போய் வணங்கிவிட்டுத் திரும்புகிறார். அந்தத் தடுப்புச் சுவருக்கு அப்பால் அவரை விட்டிருக்க மாட்டார்கள். ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருக்கிறார், 53ஆம் அதிகாரம். அதே சுருளைக் கொஞ்சம் உருட்டினால், 56இல் அந்தப் பட்டமரம் வரும் இடம். பிலிப்பு ஏறி உட்கார்ந்து விளக்குகிறார். வழியில் தண்ணீரைக் கண்டதும் மந்திரி கேட்கிறார்: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?"

நம் பழைய மொழிபெயர்ப்பில் 37ஆம் வசனமாக ஒரு நிபந்தனையும் ஒரு விசுவாச அறிக்கையும் வருகின்றன. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் இல்லை. அவற்றில் தடையென்ன என்று அவர் கேட்கிறார். அடுத்த வரியில் ரதத்தை நிறுத்தச் சொல்கிறார். இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.